மாத்திரையா, மூளை அறுவை சிகிச்சையா?

2005 ஏப்ரல் 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், தம் இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் துன்புற்றதை நாம் அறிவோம். நடுங்கும் கையோடும் இறுகிய முகத்தோடும் அவர் மக்கள் முன் வந்து நின்றார். அதே நோய் நம் பங்குகளிலும் பல இல்லங்களில் உண்டு. "ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமாமே" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "இந்த வயதில் தலையில் துளை போடுவதா?" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. எனவே இரு பக்கத்தையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மருந்து செய்வது என்ன?

மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் நடுக்கமும், தசை இறுக்கமும், அசைவில் மந்தமும் உண்டாகின்றன. 1960களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த லெவோடோபா, மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. இன்றும் இந்நோய்க்கு இதுவே முதன்மையான மருந்து.

தொடக்க ஆண்டுகளில் இது நன்கு கைகொடுக்கும். பின்னர் ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரை நிற்பதில்லை. அளவைக் கூட்டினால் உடல் தன்னிச்சையாக நெளிகிறது. குறைத்தால் உடல் முடங்குகிறது. அப்போதும் உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. மாத்திரை நேரங்களை மாற்றுவது, புரதம் மிகுந்த உணவை மாத்திரையோடு சேர்க்காதிருப்பது, துணை மருந்து சேர்ப்பது எனப் பல வழிகள் உண்டு. ஆனால் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

அறுவை சிகிச்சை செய்வது என்ன?

1987இல் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் மருத்துவர் பெனாபிட் குழுவினர் இன்றைய முறைக்கு வழி திறந்தார்கள. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தி, மார்புத் தோலுக்கடியில் வைத்த பேஸ்மேக்கர் போன்ற கருவியால் தொடர்ந்து சிறு மின்துடிப்பு கொடுப்பார்கள். இதை டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன் என்பர்.

இது நோயைக் குணமாக்குவதில்லை, அதன் வளர்ச்சியைத் தடுப்பதாகவும் நிறுவப்படவில்லை. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 255 நோயாளிகள் பங்கேற்றனர். ஆறு மாதத்தில், அறுவை சிகிச்சை பெற்றோருக்கு நெளிவின் தொல்லையின்றி இயங்கும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 மணி கூடியது. மருந்தை மட்டும் தொடர்ந்தோருக்கு அது கூடவில்லை. ஆனால் கடுமையான பக்க விளைவுகள் அறுவை சிகிச்சைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்கும், மருந்துக் குழுவில் 11 பேருக்கும் ஏற்பட்டன. மூளை இரத்தக்கசிவால் ஒருவர் இறந்தார். பெரும்பாலான பக்க விளைவுகள் பின்னர் நீங்கின.

யாருக்கு ஏற்றது?

பொதுவான விதி ஒன்று உண்டு: லெவோடோபாவுக்கு எது இணங்குகிறதோ, அதுவே இச்சிகிச்சைக்கும் இணங்கும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மருந்துக்கு அடங்காத நடுக்கமும் இதற்கு அடங்கலாம். மருந்தால் சீராகாத தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் இதனாலும் பெரும்பாலும் சீராவதில்லை. மறதி நோய் முற்றியவர்களுக்கு இது பொருந்தாது. செலவு பல இலட்சம் ரூபாய் ஆகும். பாட்டரியையும் காலப்போக்கில் மாற்ற வேண்டும்.

திருச்சபையின் வழிகாட்டல்

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980இல் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையின் தன்மை, சிக்கல், ஆபத்து, செலவு ஆகியவற்றை எதிர்பார்க்கும் பலனோடும், நோயாளியின் உடல், மன வலிமையோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே ஆபத்து மிகுந்த சிகிச்சையை மறுப்பவர் தற்கொலை செய்பவர் ஆகார். அதை ஏற்பவர் இறைவன்மேல் நம்பிக்கை குறைந்தவரும் ஆகார்.

முடிவு நோயாளியுடையது. "அப்பா, இனி நீங்கள் எதைச் செய்ய முடிந்தால் மகிழ்வீர்கள்?" என்று முதலில் கேட்போம். தானே சோறு பிசைந்து உண்பதா, ஞாயிறு திருப்பலிக்கு நடந்து வருவதா? அந்த ஆசை இச்சிகிச்சையால் கிட்டுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்போம். அறுவை சிகிச்சை எனத் தீர்மானித்தால், முன்னதாகப் பங்குத் தந்தையிடம் நோயில்பூசுதல் பெறுவது நன்று. மருந்தே போதும் என்றால், வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கையாக நாம் இருப்போம்.