படிப்படியாக முடிவுக்கு வருவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடர் வினைகள்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுடன் அவுட், ஆஃப், டௌன், அவே போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து புதிய பொருளைத் தந்தால், அது ஃபிரேசல் வெர்ப் எனப்படும் சொற்றொடர் வினை ஆகும். சட்டென்று நிற்காமல், சிறிது சிறிதாகக் குறைந்து முடிவதைக் கூற இத்தகைய வினைகள் பல உள்ளன. அகராதிகள் இவற்றில் பலவற்றுக்கும் 'குறைதல்', 'மறைதல்' என்றே பொருள் தருகின்றன. ஆனால் எது முடிகிறது, முற்றிலும் முடிகிறதா, தானாக முடிகிறதா அல்லது யாரேனும் முடிக்கிறார்களா என்பதைப் பொறுத்து இவற்றின் பயன்பாடு வேறுபடும்.

சிறு சொல் தரும் பொருள்

'டை' என்றால் இறத்தல். அதனுடன் சேரும் சிறு சொல்லே முடிவின் தன்மையைக் காட்டுகிறது.

டை டௌன்: தணிதல். காற்று, தீ, கூச்சல், பரபரப்பு ஆகியவற்றுக்கு வரும். தணிந்தது மீண்டும் எழக்கூடும்.

டை அவே: தேய்ந்து மறைதல். தொலைவில் செல்லும் ரயிலின் ஓசை மெல்ல மெல்லக் கேளாமல் போவதற்கு இது பொருந்தும்.

டை ஆஃப்: ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை ஒன்றன்பின் ஒன்றாக மடிதல்.

டை அவுட்: அடியோடு அற்றுப்போதல். மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டில் அழிந்ததை இவ்வினையால் கூறுவர். வழக்கொழிந்த மொழிக்கும் பழக்கத்துக்கும் இதுவே வரும்.

பொதுவாக 'அவுட்' முழுமையான முடிவையும், 'டௌன்' அளவு இறங்குவதையும், 'அவே' விலகி மறைவதையும் உணர்த்தும்.

தானாக முடிபவை

பீட்டர் அவுட்: உள்ளிருப்பது தீர்ந்து நின்றுபோதல். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளரிடையே, தாது தீர்ந்துபோவதைக் குறிக்க வழங்கியது. இன்று பேச்சு, ஆர்வம், ஒற்றையடிப் பாதை ஆகியவற்றுக்கும் வருகிறது.

ஃபிஸில் அவுட்: ஆரவாரமாகத் தொடங்கியது பிசுபிசுத்துப் போதல். 'ஃபிஸில்' என்பது 'புஸ்' என்னும் ஒலியைக் குறிப்பது. தமிழில் 'புஸ்வாணமாகிவிட்டது' என்பது இதற்கு மிக நெருக்கமான வழக்கு.

வேர் ஆஃப்: மருந்தின் வேகம், வலி, புதுமை போன்றவற்றின் தாக்கம் நீங்குதல். பல் பிடுங்குமுன் போடும் மரத்துப்போகும் ஊசியின் வேகம் குறைவதற்கு இதையே கூற வேண்டும். 'வேர் அவுட்' என்பது வேறு. அது செருப்பு தேய்வதையும் ஆள் களைத்துப்போவதையும் குறிக்கும்.

டெய்ல் ஆஃப்: எண்ணிக்கையோ அளவோ குறைந்துகொண்டே போதல். 'டெய்ல்' என்றால் வால். வால் நுனியை நோக்கிச் சிறுப்பது போன்ற குறைவு.

ஒருவர் முடிப்பவை

வைண்ட் டௌன்: இயங்கும் ஒன்றை மெல்லக் குறைத்து மூடுதல். சாவி கொடுத்த கடிகாரத்தின் சுருள்வில் தளர்ந்து ஓட்டம் மந்தமாவதும் இச்சொல்லால் குறிக்கப்படும். 'வைண்ட் அப்' என்பது ஒரு நிறுவனத்தைச் சட்டப்படி கலைத்து முடித்தலையும் குறிக்கும்.

டேப்பர் ஆஃப்: படிப்படியாக அளவைக் குறைத்தல். சில ஸ்டீராய்டு மருந்துகளை நீண்டநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால் மருத்துவர் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார். மருந்துச் சீட்டில் உள்ள இச்சொல்லை 'உடனே நிறுத்துக' எனக் கொண்டால் ஆபத்து.

ஃபேஸ் அவுட்: கட்டம் கட்டமாக அடியோடு நீக்குதல். 'ஃபேஸ் டௌன்': கட்டம் கட்டமாகக் குறைத்தல் மட்டுமே.

உடன்படிக்கைகளில் இந்த வேறுபாடு

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் நெறிமுறையின் வழியே குளோரோஃபுளோரோகார்பன்கள் 'ஃபேஸ் அவுட்' செய்யப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்களுக்கு 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தம் 'ஃபேஸ் டௌன்' என்றே கூறுகிறது. அதன்படி வளர்ந்த நாடுகள் பெரும்பாலும் 2036க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். முழுமையாக நிறுத்த வேண்டியதில்லை.

2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் இச்சொற்களே விவாதத்துக்குரியவை ஆயின. கார்பனைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு இல்லாத நிலக்கரி மின்சாரத்தை 'ஃபேஸ் அவுட்' செய்வது என்று வரைவில் இருந்தது. இறுதி நேரத்தில் இந்தியா முன்வைத்த திருத்தத்தால் அது 'ஃபேஸ் டௌன்' ஆனது. மின்சாரத்தின் பெரும்பகுதியை நிலக்கரியிலிருந்து பெறும் நாட்டுக்கு இரண்டும் ஒன்றல்ல. கடல்மட்ட உயர்வை அஞ்சும் சிறு தீவு நாடுகள் ஏமாற்றம் தெரிவித்தன. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா வருத்தம் தெரிவித்தார். அதே வாக்கியத்தில், திறனற்ற புதைபடிவ எரிபொருள் மானியங்களுக்கு 'ஃபேஸ் அவுட்' என்பது மாறாமல் நின்றது. இரண்டையும் தமிழில் 'படிப்படியாகக் குறைத்தல்' என்று எழுதினால், நாடுகள் வாதிட்டது எதற்காக என்பதே வாசகருக்கு விளங்காது. முன்னதற்குப் 'படிப்படியாகக் குறைத்தல்', பின்னதற்குப் 'படிப்படியாக ஒழித்தல்' என்பதே பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

தமிழில் ஒழிந்தது – ஒழித்தார், தணிந்தது – தணித்தார் எனத் தன்வினையும் பிறவினையும் வடிவிலேயே வேறுபடுகின்றன. ஆங்கிலத்தில் பல வேளைகளில் வெவ்வேறு வினைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். 'டை அவுட்', 'பீட்டர் அவுட்' ஆகியவை செயப்படுபொருளை ஏற்பதில்லை. ஆகவே அரசு ஒரு திட்டத்தை 'டை அவுட்' செய்தது என்பது பிழை. அங்கே 'ஃபேஸ் அவுட்' வர வேண்டும். அதுபோல வலி தானாகக் குறைந்தால் 'ஃபேஸ் அவுட்' வராது. 'வேர் ஆஃப்' என்பதே சரி.