எத்தனை பிள்ளை?

1980களில் திண்டுக்கல் பக்கத்து எங்கள் ஊருக்குச் சுகாதாரச் செவிலியர் வந்தால், மாரியம்மன் கோயில் திண்ணையில்தான் பெண்களைக் கூட்டுவார். எதிர்ச் சுவரில் சிவப்பு முக்கோணம், அதன்கீழ் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’. பதிவேட்டைப் பிரித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “உனக்கு எத்தனை பிள்ளை?” இரண்டு என்றவளிடம் ஆபரேஷன் பேச்சு தொடங்கிவிடும். குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயர் 1977இலேயே குடும்ப நலம் என்று மாறிவிட்டது. ஆனால் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கு 1996 வரை மாறவில்லை. வெள்ளைப்படுவதைச் சொல்ல வந்த அம்மா, மாமியார் பக்கத்தில் இருந்ததால் தலைவலி மாத்திரை கேட்டு வாங்கி வந்தாள்.

இன்று கூட்டம் அங்கன்வாடிக்குள் நடக்கிறது. நூறு நாள் வேலை முடிந்து வந்தவர்கள் பாயில் உட்கார்ந்ததும் கதவு சாத்தப்படுகிறது. காப்பர்-டி ஒன்று கை மாறிப் போகிறது. “இத்தனூண்டுதானா?” என்று ஒருத்தி விரல்மேல் வைத்துப் பார்க்கிறாள். முதல் கேள்வியும் மாறியிருக்கிறது: “உடம்புக்கு என்ன செய்யுது?” உறவின்போது வலிப்பதை இருபத்தைந்து வயதுக்காரி சொல்கிறாள், மாதவிலக்கு நிற்கும் வயதின் எரிச்சலை ஐம்பதைத் தொட்டவள் சொல்கிறாள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை அன்று ரத்தப்போக்கு நிற்காதபோதுதான் கண்டுபிடித்தார்கள். இன்று நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார்கள். கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். எங்கள் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், இப்படிப் பரிசோதிக்கப்பட்ட ஊர்களில் அந்நோயால் நேர்ந்த இறப்புகள் 35 சதவீதம் குறைந்திருந்தன. அதன் முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது.

1971இல் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரியாக 3.9 பிள்ளைகள், 2019-21 கணக்கெடுப்பில் 1.8. அன்று பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிப் பாட்டி, பத்து நாள் வந்து தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில். உயிர் பிழைப்பது உறுதிப்பட்டது. வெந்நீரோடு வந்த அந்தக் கை இல்லாமல் போயிற்று.

இன்னொன்றும் கை நழுவியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. நான்கில் மூன்று ஆண்களுக்கு. பலரைக் கட்டாயப்படுத்தியே செய்தார்கள். அந்தக் கொடுமை மறுபடி வரக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகு சுமை முழுவதும் பெண் பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது. இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது ஆயிரத்தில் ஒன்று.

அங்கன்வாடிக் கதவைச் சாத்தியதால்தான் பெண்களுக்கு வாய் திறந்தது. கூட்டம் முடிந்து அந்த இருபத்தைந்து வயதுக்காரி வெளியே வந்தபோது, கணவன் பைக்கில் காத்திருந்தான். “என்ன சொன்னாங்க?” என்றான். “ஒண்ணுமில்ல, சத்து மாத்திரை குடுத்தாங்க” என்று பின்னால் ஏறிக்கொண்டாள்.