நடுகல்லும் சுமைதாங்கியும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுவதும் படுவதும் கொண்டு அமைந்த இப்பெயர்கள் அழகியன. இவ்விரு கரைகளையும் நாடோறும் இணைத்து வருவனவற்றுள் துவிச்சக்கர வண்டிக்குத் தனியிடம் உண்டு. பொழுது புலருமுன் விறகுக் கட்டும் தயிர்ச் சட்டியும் மரக்கறிச் சாக்கும் அதன்மீதேறிக் கிழக்கே வரும்; மீன்பெட்டி மேற்கே செல்லும். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே ஓடும் படகுப் பாதையில் மனிதரோடு மனிதராக அதுவும் ஏறி இறங்கும். ஏழையின் ஊர்தி என அதனைச் சிலர் இகழ்வதுண்டு. உழவனும் மீன் விற்பவனும் மாணவனும் ஆசிரியனும் ஒருங்கே பயன்கொள்ளும் ஊர்தி வேறில்லை என்பதை அவர் எண்ணுவதில்லை.

அவ்வண்டியிற் புறப்பட்டு வீடு மீளாதோரும் உளர். இலங்கையில் வீதி விபத்துக்களால் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். உலகளவில் 2021ஆம் ஆண்டில் இவ்வாறு இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என்றும், அவருள் நூற்றுக்கு அறுவர் அளவினர் துவிச்சக்கர வண்டியிற் சென்றவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இவர்களை நினைவுகூருமாறு யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இப்பகுதியில் ஒருவர் இறந்தால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மதிலிலும் மின்கம்பத்திலும் ஒட்டப்படுகின்றது. முப்பத்தோராம் நாளில் நினைவுமலர் அச்சிடப்படுவதும் உண்டு. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், மக்கள், மருமக்கள் ஆகிய யாவும் அவற்றில் இடம்பெறும். வீதியில் மாண்டவராயின் 'அகால மரணம்' என்ற தொடர் சேர்க்கப்படும். எந்த வளைவில், எந்தச் சந்தியில் அம்மரணம் நேர்ந்தது என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. குடும்பம் நினைவு வைத்திருக்கின்றது, வீதி மறந்துவிடுகின்றது. வாடைக்காற்று மழை வந்ததும் சுவரொட்டியும் கரைந்து போகின்றது.

பண்டைத் தமிழர் இறந்தாரை இடத்தோடு சேர்த்தே நினைந்தனர். ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் வீழ்ந்த மறவர்க்குக் கல் நட்டனர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை வாழ்த்துவது ஈறாக அச்சடங்கின் படிகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அக்கற்களிற் பல வழியோரங்களில் நின்றமையால், வழிச்செல்வோர் வீழ்ந்தவனது பெயரையும் அவன் வீழ்ந்த காரணத்தையும் கண்டு சென்றனர். திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லொன்று கருந்தேவக்கத்தி என்னும் வீரனை மட்டுமன்றி, அவனுடைய நாயாகிய கோவிவனையும் பெயர் சுட்டிப் போற்றுகின்றது. நாய்க்கும் பெயரெழுதிய மரபின் வழிவந்தோர், வீதியில் மாண்ட மீன் வியாபாரியின் பெயரை மழைக்கு விட்டுவிடுவது வியப்பே.

இக்காலத்து மேனாட்டினர் ஏறத்தாழ நடுகல்லை ஒத்த ஒன்றைத் தாமே கண்டறிந்துள்ளனர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில், வண்டியோட்டிகள் மோதுண்ட இடங்களில் முழுவதும் வெண்ணிறம் பூசிய பழைய துவிச்சக்கர வண்டிகள் நிறுத்தப்பட்டன. அவ்வழக்கம் நியூயோர்க், இலண்டன் முதலிய நகரங்களுக்கும் பரவியது. அவற்றை ஆவி வண்டிகள் என்பர். அதே ஆண்டு மே மாதத்தில், ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில், பள்ளிக்கூட பஸ்ஸின் பக்கக் கண்ணாடி மோதி ஒருவர் இறந்தார். அவருடைய நண்பரான கிறிஸ் ஃபீலன் என்பவர் ஊர்வலமொன்றைக் கூட்டினார். முழக்கமில்லை, பாட்டில்லை, பேச்சுமில்லை; பலர் ஒருங்கே மெல்லச் சென்றனர். இன்று அது மௌனப் பயணம் என்ற பெயரால், மே மாதத்து மூன்றாம் புதன்கிழமை பல நாடுகளில் நிகழ்கின்றது. மாண்டாரைக் குறித்துக் கருநிறப் பட்டியும், தாம் முன்பு மோதுண்டு காயமுற்றமை குறித்துச் செந்நிறப் பட்டியும் கையில் அணிவர். இவையன்றி, நவம்பர் மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையை வீதி விபத்தில் இறந்தோர்க்கான நினைவு நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005இல் ஏற்றுள்ளது. அந்நாள் மட்டக்களப்பில் மாரிமழைக் காலத்தில் வருவது. மங்கலான ஒளியும் வழுக்கும் வீதியும் வண்டியோட்டிக்குப் பகையாகும் காலம் அதுவே.

இம்மரபுகள் மதிக்கத்தக்கன. ஆயினும் நடுகல்லுக்கும் வெள்ளை வண்டிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மறவன் சாவை எதிர்நோக்கிச் சென்றவன். அவன் கல்லைக் கண்டோர் அவனைப்போல் ஆக விரும்பினர. சந்தைக்குப் போனவன் சாகப் போனவனல்லன். அவனைப்போல் ஆக எவரும் விரும்பார். ஆதலின் அவனுக்கு வேண்டும் சின்னம் வேறு வகையது. அதுவும் தமிழர் வழக்கிலே உள்ளது.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் பொருட்டுச் சுமைதாங்கி நாட்டுவது தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்துவந்த வழக்கம். நிறுத்திய இரு கற்களின்மீது குறுக்கே ஒரு கல் கிடக்கும். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி அதன்மேற் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். சுமையை இறக்காமலே இறந்தவளுக்குப் பிறருடைய சுமையை இறக்குவதே நினைவு என்பது அதன் கருத்து. நடுகல் இறந்தவனைப் புகழ்கின்றது. சுமைதாங்கியோ இறந்தவளுக்கு வாய்க்காததை வழிப்போக்கனுக்கு அளிக்கின்றது. அடைந்த துன்பத்தை அறிந்து, அத்துன்பத்துக்கு மறுதலையானதைச் செய்வதே இதன் நுட்பம்.

இதனை அறியாமலே ஒல்லாந்தர் இதனைச் செய்தனர். 1971இல் அச்சிறு நாட்டில் வீதியில் மாண்டோர் ஏறத்தாழ 3,300 பேர். அவருள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். மகளை இவ்வாறு இழந்த விக் லாங்கன்ஹோவ் என்னும் பத்திரிகையாளர், 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்ற தலைப்பில் எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. மக்கள் தம் வண்டிகளோடு வீதியிற் படுத்தனர். 1973இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியும் அவர்க்குத் துணையாயிற்று என்பதை மறைத்தல் தகாது. துயரம் மட்டுமே அரசுகளை அசைப்பது அரிது. மெல்ல மெல்லத் தனிவழிகள் அமைந்தன. அண்மை ஆண்டுகளில் அந்நாட்டில் வீதியில் மாள்வோர் தொகை 700 அளவினதே. இலங்கையிலும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மூலையிற் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் வீதிக்கு வந்தன. எரிபொருள் வந்ததும் அவற்றுட் பல மீண்டும் தாழ்வாரத்திற் சாய்ந்தன.

இனி, இப்பகுதி வண்டியோட்டியின் சுமை யாது? முதலாவது, வேகம். கல்லடியில் 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் ஒடுங்கியது. ஒரு பக்கத்து வாகனம் கடக்கும்வரை மறுபக்கத்தது காத்து நின்றது. 2013இல் அதனருகே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் நெடுஞ்சாலைகளும் அகன்று மெழுகினாற்போலாயின. இவை வேண்டியனவே. எனினும் பள்ளமும் ஒடுக்கமும் முன்னர் வேகத்துக்குக் கடிவாளமாயிருந்தன; அக்கடிவாளம் அவிழ்ந்தபின் வேறொன்று பூட்டப்படல் வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் 11 மீற்றர் செல்கின்றது. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 17 மீற்றர். சாரதி கண்டு, தடுப்பை மிதிப்பதற்குள் கழியும் தூரம் இது. மோதும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒன்றரை மடங்கு வேகத்தில் அது இரண்டேகால் மடங்காகின்றது.

அடுத்தது திரும்புமிடம். இந்நாட்டில் இடப்பக்கமாகவே செல்வது விதி. சாரதியின் இருக்கையோ வலப்பக்கம். லொறியின் இடப்புறத்தே ஒட்டிச் செல்லும் வண்டியோட்டியை அச்சாரதி பெரும்பாலும் காண்பதில்லை. லொறி இடப்பக்கம் திரும்பின் அவர் சில்லுக்கு இரையாவர். நெடுஞ்சாலையிலிருந்து வலப்பக்கத்து ஊர்வீதிக்குத் திரும்புபவரோ, பின்னே வரும் வாகனங்களைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, கை காட்டி, நடுவீதிக்கு வந்து நிற்றல் வேண்டும். பின்னால் அரைமூடை நெல்லிருந்தால் கைகாட்டுவதே அரிது. இருளில் இவ்விரு இடையூறும் மிகும். பின்விளக்கு இல்லாத வண்டி பல நூறு.

இவற்றை நோக்கின், மாண்டவர்க்குச் சுமைதாங்கி எது என்பது தெளிவாகும். ஊர்வீதி நெடுஞ்சாலையைத் தொடும் வாயில்களில் ஒரு விளக்கு. வீதியின் விளிம்பில் வெள்ளைக்கோட்டால் வரம்பிட்டு, வாகனம் நிறுத்தவும் நெல் காயவிடவும் விடாது காக்கப்பட்ட ஒன்றரை மீற்றர் இடம். பாடசாலையை அண்டிய வேகத்தடை. வண்டியின் பின்புறத்தே ஒட்ட ஒளிதெறிக்கும் ஒரு சிவப்புத் துண்டு. முன்னையவற்றுக்கு அரசும் உள்ளூராட்சி மன்றமும் வேண்டும். கடைசியானதை மாணவர் மன்றமொன்று ஒரு சனிக்கிழமைக் காலையிற் சந்தை வாயிலில் நின்றே செய்து முடிக்கலாம். நினைவுமலர் அச்சிடும் குடும்பம், அச்செலவில் ஒரு பகுதியைச் சந்தி விளக்குக்கு அளிக்கலாம். அவ்விளக்குக் கம்பத்தின் அடியில், வீழ்ந்தவர் பெயரும் ஆண்டும் பொறிக்க ஒரு சாண் சீமெந்து போதும்.