இணையதளம் அமைக்கும் வியாபாரிகள் கவனத்துக்கு

மும்பை தாராவியில் தோல் பொருள்கள், மாட்டுங்காவில் பலகாரம், சேலை என்று சிறு வியாபாரம் செய்யும் தமிழர்கள் பலர். வாடிக்கையாளர்கள் இப்போது கைப்பேசியில் விலை பார்த்த பிறகே கடைப் படி ஏறுகிறார்கள். அதனால் சிறு கடைக்காரர்களும் இணையதளம் அமைக்க விரும்புகிறார்கள். அந்த வேலையை யாரிடம் கொடுப்பது?

குறைந்த கூலி கேட்பவரிடம் கொடுத்து விடுவதே பலரின் வழக்கம். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இணைய முகவரி யார் பெயரில் பதிவாகிறது?

கடையின் பெயர்ப்பலகை கடைக்காரருக்கே சொந்தம்; எழுதிய பெயிண்டருக்கு அல்ல. ஆனால் வடிவமைப்பாளர் சிலர் முகவரியைத் தங்கள் பெயரில் பதிவு செய்து விடுகிறார்கள். பின்னர் மனத்தாங்கல் வந்தால் முகவரி கைக்கு வராது. தவணை தவறாமல் புதுப்பிக்காவிட்டால், கெடு கழிந்தபின் வேறொருவர் அதை வாங்கி விடலாம். பில் புத்தகத்திலும் பையிலும் அச்சிட்ட முகவரி அடுத்தவர் கடைக்கு வழிகாட்டும்!

'டாட் இன்' முகவரிகளை 'நிக்சி' என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அது அங்கீகரித்த பதிவாளர்களிடம் கடைக்காரரே தம் பெயரில் பதிவு செய்யலாம். ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதிவு கிடைக்கும்.

மேலும் கவனிக்க வேண்டியவை

* வடிவமைப்பாளர் முன்பு செய்த தளங்களைக் கைப்பேசியில் திறந்து பார்க்க வேண்டும். அந்தக் கடைக்காரர்களிடமும் விசாரிக்க வேண்டும்.
* விலைப்பட்டியலை மாற்ற ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டா என்பதை எழுதி வாங்க வேண்டும்.
* வேலை முடிந்ததும் கடவுச்சொற்களைப் பெற்ற பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.

பூட்டு செய்தவரிடமே சாவியை விட்டு வருவாருண்டா?