உங்கள் கணனிகளுக்கு இடையே ஒரு தரகர்

புறக்கோட்டையிலோ காத்தான்குடியிலோ ஓரளவு வளர்ந்த மொத்த வியாபார நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காசாளரிடம் பில் போடும் மென்பொருள் ஒன்று இருக்கும். களஞ்சியத்தில் சரக்குக் கையிருப்புக்கு இன்னொன்று. கணக்காளரிடம் வேறொன்று. விற்பனைப் பிரதிநிதிகள் கைத்தொலைபேசியில் ஓடர் எடுப்பார்கள். மகன் இணையத்தில் ஒரு கடை திறந்திருப்பார். வங்கியின் இணையச் சேவை ஆறாவது. ஆறும் தனித்தனியே நல்லவைதான். ஆனால் ஒன்றுக்கு மற்றதன் பாஷை தெரியாது.

விளைவு என்ன? களஞ்சியத்தில் தீர்ந்துபோன சரக்கை இணையக் கடை தொடர்ந்து விற்றுக்கொண்டிருக்கும். முற்பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். மாலையில் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஒரு திரையைப் பார்த்து இன்னொன்றில் எண்களைத் தட்டும். ஒரு பூச்சியம் கூடினாலும் குறைந்தாலும் மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

பெறுமதி சேர் வரியையே பாருங்கள். 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட வரி, 2022 ஜூனில் 12 ஆகவும் அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகவும் 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் பில் போடும் இடம், கணக்கு, இணையக் கடை, கைத்தொலைபேசி என நான்கு இடங்களில் திருத்த வேண்டியிருந்தது. ஓரிடம் தவறினால் அறவிடாத வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

தரகரின் வேலை

ஆறு மென்பொருள்களையும் ஒன்றோடொன்று நேரடியாக இணைப்பதானால் 15 இணைப்புகள் தேவை. நடுவில் ஒரு தரகரை வைத்தால் ஆறு இணைப்புகள் போதும். ஏழாவது மென்பொருள் வந்தால் முதல் முறையில் மேலும் ஆறு இணைப்புகள், இரண்டாவது முறையில் ஒன்றே ஒன்று. இந்தத் தரகரைத்தான் கணனித் துறையில் இணைப்பு மென்பொருள் அல்லது மிடில்வெயார் என்கிறார்கள்.

அதன் வேலைகள் மூன்று. ஒருவர் அனுப்பிய செய்தியை மற்றவருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது முதலாவது. எந்தச் செய்தி எவருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது இரண்டாவது. பெற வேண்டிய கணனி தூங்கிக்கொண்டிருந்தால் செய்தியைக் கையில் வைத்திருந்து, அது விழித்ததும் கொடுப்பது மூன்றாவது. விலையையும் வரியையும் ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களுக்கு அறிவிக்கும் வேலையையும் இதனிடமே ஒப்படைக்கலாம்.

இத்துறையில் உலகளவில் பெயர் பெற்ற கம்பனிகளுள் ஒன்று எமது நாட்டில் பிறந்தது. கலாநிதி சஞ்சீவ வீரவரண முதலானோர் 2005இல் ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமே அது. அமெரிக்காவின் ஈபே நிறுவனம் ஒரு நாளில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்களை இக்கம்பனியின் இணைப்பு மென்பொருள் ஊடாக அனுப்பியதாக 2010ஆம் ஆண்டளவில் செய்தி வெளியானது. 2024இல் சுவீடனின் ஈ.கியூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் டபிள்யூ.எஸ்.ஓ.2ஐ வாங்கியது. இதன் மைக்ரோ இன்டகிரேட்டர் என்ற மென்பொருளின் மூலநிரல் அப்பாச்சி உரிமத்தின் கீழ் யாருக்கும் கிடைக்கிறது. தொடர்ச்சியான திருத்தங்களும் கம்பனியின் உதவியும் வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும்.

கறுப்புத் திரை ஏன்?

இதை நிறுவ வரும் இளைஞர் கறுப்புத் திரையொன்றைத் திறந்து எழுத்துக்களைத் தட்டுவதைக் காண்பீர்கள். இதுதான் கட்டளை வரி. மவுஸால் பத்து இடங்களில் அழுத்திச் செய்த வேலையை மறுநாள் அதே ஒழுங்கில் நினைவுபடுத்துவது கடினம். தட்டிய கட்டளையை அப்படியே தாளில் எழுதி வைக்கலாம். அந்தத் தாள் இருந்தால், கணனி எரிந்துபோனாலும் வேறொரு கணனியில் வேறொருவர் அதே வேலையை மீண்டும் செய்யலாம்.

படிகள் அதிகமில்லை. மென்பொருள் ஜாவாவின் மீது ஓடுவதால், முதலில் ஜாவாவின் பதிப்பைக் கேட்கும் கட்டளையைத் தட்டி, அது கணனியில் இருக்கிறதா, பொருத்தமான பதிப்பா என்று பார்க்க வேண்டும். ஜாவா எந்தப் போல்டரில் உள்ளது என்பதை 'ஜாவா ஹோம்' என்ற பெயரில் கணனிக்கு அறிவிக்க வேண்டும். இது தவறினால் அடுத்த படிகள் நடவா.

இரண்டாவதாக, சுருக்கப்பட்ட கோப்பாக இறக்கிய மென்பொருளை ஒரு போல்டரில் விரிக்க வேண்டும். அந்தப் போல்டரின் பெயரில் இடைவெளி இல்லாதிருப்பது நல்லது. மூன்றாவதாக, அதனுள் இருக்கும் 'பின்' என்ற போல்டருக்குள் சென்று மைக்ரோ இன்டகிரேட்டரைத் தொடங்கும் கட்டளையைத் தட்ட வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இக்கோப்பின் பின்னொட்டு மட்டும் வேறுபடும். திரையில் வரிகள் ஓடி, தொடங்கிவிட்டதாக அறிவிப்பு வரும்.

அப்போது மூன்று கதவுகள் திறந்திருக்கும். சாதாரணச் செய்திகளுக்கு 8290, பாதுகாப்பான செய்திகளுக்கு 8253, நிர்வாகத்துக்கு 9164. இந்த இலக்கத்தை வேறு மென்பொருள் ஏற்கனவே பிடித்திருந்தால் தொடங்கும்போதே தகராறு வரும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி இலக்கங்களை நகர்த்திவிடலாம்.

நான்காவதாக, உங்கள் வியாபாரத்துக்கென்று தயாரித்த இணைப்புத் தொகுப்பை, அதற்கென உள்ள போல்டரில் பிரதிசெய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அது ஏற்றுக்கொள்ளும். கடைசியாக, 'கர்ல்' என்ற கட்டளையால் ஒரு பரிசோதனை ஓடரை அனுப்பி, களஞ்சியத்தில் கையிருப்பு குறைகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். திரையில் வெற்றி என்று வந்தால் மட்டும் போதாது.

முதலாளி கேட்க வேண்டியவை

முதலாவது, மின்சாரம் போய் வந்தால் என்ன நடக்கும்? கறுப்புத் திரையில் நேரடியாகத் தொடங்கிய மென்பொருள், அந்தத் திரையை மூடினாலே நின்றுவிடும். கணனி எழும்பும்போது தானாகத் தொடங்கும் சேவையாக அதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம்.

இரண்டாவது, காத்திருக்கும் ஓடர்கள் எங்கே வைக்கப்படுகின்றன? கணனியின் தற்காலிக நினைவகத்தில் வைத்தால் மின்சாரம் போனதும் அவையும் போய்விடும். தரவுத்தளத்திலோ செய்திகளைச் சேமிக்கும் தனிச் சேவையிலோ வைத்தால் நிலைத்திருக்கும். முன்னையது இலகு என்பதால் சிலர் அதையே செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நட்டம் கடைக்காரருக்கு.

மூன்றாவது, கடவுச்சொல் யாரிடம்? இம்மென்பொருள் வரும்போது நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்' என்றே இருக்கும். இது உலகமறிந்த சாவி. முதல் நாளே மாற்றப்பட வேண்டும். புதிய சொல் நிறுவியவரிடம் மட்டுமின்றி உங்கள் பெட்டகத்திலும் இருக்க வேண்டும். 9164ஆம் கதவு வெளி இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது.

நான்காவது, கட்டளைத் தாள் எங்கே? எந்தப் பதிப்பு, எந்தப் போல்டர், தட்டிய கட்டளைகள், திருத்திய வரிகள் ஆகிய யாவும் ஒழுங்காக எழுதப்பட்டு, இணைப்புத் தொகுப்பின் பிரதியோடு உங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதன் பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். நிறுவிய பிள்ளை நாளை கட்டாருக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய்விடலாம். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் உங்கள் வியாபாரம் அவருடைய தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

இரண்டே மென்பொருள்கள் வைத்திருப்பவருக்கு இந்தத் தரகர் தேவையில்லை. இரண்டையும் நேரடியாக இணைப்பதே சிக்கனம். நான்கைத் தாண்டும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தரகரை வைப்பதென்று தீர்மானித்தால், கடையின் உறுதியும் வியாபாரப் பதிவுச் சான்றிதழும் இருக்கும் அதே பெட்டகத்தில் கட்டளைத் தாளுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.