படலைக்கு இரும்பு வாங்கிய கதை

கிளிநொச்சியில் அம்மாவின் வீட்டுப் படலை துருப்பிடித்து விழுந்தது. புது இரும்பு வாங்கக் கடைக்குப் போனேன். '2 மில்லிமீற்றர்' என்று காட்டிய 40க்கு 40 பெட்டிக் குழாயைத் தராசில் வைக்கச் சொன்னேன். 6 மீற்றர் நீளம் ஏறக்குறைய 14 கிலோ இருக்க வேண்டும். இருந்தது 9 கிலோ. அதாவது தகட்டின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர்தான். நீளத்தைப் பார்த்தால் மலிவு, நிறையைப் பார்த்தால் இல்லை.

குறுக்குச் சட்டங்களுக்கு வெல்டிங் கடை மூலையில் கிடந்த வெட்டுத்துண்டுகளே போதுமாயிருந்தன, நிறுத்துத் தந்தார்கள். பழைய தண்ணீர்க் குழாயும் உதவும். ஆனால் ஒட்டும் இடத்தில் நாகப்பூச்சை அராவி எடுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

வளவு கொத்தும்போது வந்த இரும்பு வேறு கதை. வன்னியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் காசு முடை மறக்கச் செய்கிறது. வெளியே துருவேறிய ஷெல்லுக்குள் வெடிமருந்து இன்னும் உயிரோடு இருக்கலாம். இன்னதென்று தெரியாத பாரமான உருளையை அசைக்காதீர்கள், வெட்டாதீர்கள், பழைய இரும்புக்காரருக்கும் விற்காதீர்கள். விலகி நின்று பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள்.

எங்கள் படலையில் மூன்று விதத் தடிப்பில் இரும்பு இருக்கிறது. பெயின்ற் அடித்த பிறகு அம்மாவுக்கே தெரியவில்லை.