கூடும் ஊர்கள் – 11: மேசைக்கும் படுக்கைக்கும் நடுவே

சென்ற வாரம் புத்தகச் சந்தைகளைப் பார்த்தோம். இந்த வாரம் விளையாட்டு.

கோடை முடியும் தறுவாயில், பெரும்பாலும் ஆகஸ்ட் தொடக்கத்தில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிஸுக்கு எழுபதாயிரம் பேர் விளையாட வருகிறார்கள். கணினித் திரை வேண்டாத விளையாட்டுகள். அட்டைகள், பகடைகள், வரைபடங்கள், விரல் உயரப் பொம்மைகள், எதிரே நான்கைந்து மனிதர்கள். அவ்வளவு போதும். வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள் நடக்கும் இந்த விழாவுக்கு ஜென் கான் என்று பெயர். மேசை விளையாட்டுகளுக்கு வட அமெரிக்காவில் இதைவிடப் பெரிய விழா இல்லை.

சிகாகோ இருக்கிறது, லாஸ் வேகஸ் இருக்கிறது, நியூயார்க் இருக்கிறது. கார் பந்தயத்தால் மட்டுமே வெளியுலகம் அறிந்த ஓர் ஊரில் இது ஏன் நிலைகொண்டது?

தொடக்கத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே எழவில்லை. அமைப்பாளர் குடியிருந்த ஊரில்தான் விழா. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரைச் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். போர் விளையாட்டுகளில் தீராத மோகம் கொண்டவர். 1968-ல் ஊரிலிருந்த தோட்டக்கலைக் கூடத்தை 50 டாலர் வாடகைக்குப் பிடித்தார். ஏறக்குறைய நூறு பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு அதே விழாவுக்கு மினசோட்டாவிலிருந்து டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் வந்தார். இருவரும் அங்கேதான் சந்தித்தார்கள். 1974-ல் அவர்கள் பெயரில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கதைக்குள் புகுந்து ஆடும் விளையாட்டு வகையையே உருவாக்கியது. ஒரு கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார நேர்ந்ததால் விளைந்தது இது. இத்தகைய விழாக்களை நான் மதிப்பதற்கு முதல் காரணமும் இதுதான்.

அந்த விளையாட்டு பரவப் பரவக் கூட்டம் பெருகியது. லேக் ஜெனீவாவில் இடம் போதவில்லை. 1978-ல் விழா கெனோஷாவிலிருந்த பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனது. 1985-ல் அதுவும் போதாமல், மிச்சிகன் ஏரிக்கரையிலிருக்கும் பெருநகரமான மில்வாக்கிக்கு மாறியது. 1992-ல் 18,000 பேர் வந்தார்கள். 1998-ல் மில்வாக்கி புதிய மாநாட்டு மையத்தையே திறந்தது. ஆனாலும் 2002-தான் அங்கே கடைசி விழா. 2003-ல் ஜென் கான் இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிவிட்டது.

புதுக் கட்டடம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பவர்கள் மேடையின் அகலத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை; வெளியூர் உறவினர் தங்க எத்தனை அறை, எவ்வளவு தூரத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். மேசை விளையாட்டு விழாவுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வணிகக் கண்காட்சிக்கு வருபவர் கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் போய்விடுவார். ஜென் கானுக்கு வருபவர் உட்காருகிறார். ஒரு கதை ஆட்டம் முடிய நான்கு மணி நேரம் சாதாரணமாக ஆகும். நாற்காலி, மேசை, ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கும் அளவுக்கு அமைதி எல்லாம் வேண்டும். ஆட்டம் முடிந்து மணி நள்ளிரவைத் தாண்டியிருக்கும். கையில் கனமான விளையாட்டுப் பெட்டிகள். சிலர் உடம்பில் அட்டையாலும் நுரையாலும் செய்த போர்க்கவசம். இவர்கள் பேருந்துக்காகக் காத்து நின்று, அரை மணி நேரம் பயணம் செய்து, புறநகர் அறைக்குப் போய்ச் சேர்ந்து, காலை எட்டு மணி ஆட்டத்துக்கு மறுபடி வரமுடியுமா? முடியும். ஆனால் இரவு ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். ஹோட்டல் முகப்பிலேயே புதுப் பெட்டியைப் பிரித்து, பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதும் நின்றுபோகும். விழாவின் உயிர் பாதி அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

இண்டியானாபொலிஸின் பலம் இங்கேதான். மாநாட்டு மையம் நகரின் நட்டநடுவில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பன்னிரண்டு ஹோட்டல்கள் மூடிய நடைபாலங்களால் மையத்தோடு இணைந்திருக்கின்றன. அவற்றில் 4,700-க்கும் மேற்பட்ட அறைகள். மழையோ வெயிலோ படாமல் படுக்கையிலிருந்து மேசைக்கு நடந்தே வந்துவிடலாம். ஹோட்டல்களில் ஒன்று பழைய யூனியன் ரயில் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. தண்டவாளத்தில் நிற்கும் பழைய ரயில் பெட்டிகளும் தங்கும் அறைகளாகியிருக்கின்றன.

இதெல்லாம் ஜென் கானுக்காகக் கட்டியதல்ல. 1970-களிலிருந்தே அந்த நகரம் விருந்தாளிகளை வரவழைத்துப் பிழைப்பது என்று முடிவெடுத்து வேலை செய்தது. மாநாட்டு மையத்தை 1972-ல் திறந்தார்கள். பிறகு அதையொட்டி மூடிய விளையாட்டரங்கம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அப்போது அதில் ஆட அவர்களுக்கென்று ஓர் அமெரிக்கக் கால்பந்து அணிகூட இல்லை. 1984-ல்தான் பால்டிமோரிலிருந்து கோல்ட்ஸ் அணி வந்துசேர்ந்தது. அந்தப் பழைய அரங்கை 2008-ல் இடித்தார்கள். அந்த நிலத்தில் மாநாட்டு மையம் விரிந்து 2011-ல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே எழுந்த லூக்காஸ் ஆயில் அரங்கம் நிலத்தடி வழியால் மையத்தோடு இணைந்தது. ஜென் கான் தன் ஐம்பதாம் விழாவை 2017-ல் கொண்டாடியபோது அந்த அரங்கத்தின் தரையிலும் மேசைகள் போட வேண்டியிருந்தது. நுழைவுச் சீட்டுகள் முழுவதும் விற்றுத்தீர்ந்ததும் அந்த ஆண்டுதான் முதல்முறை.

இன்னொரு வசதி சாலை. 65, 69, 70, 74 ஆகிய நான்கு தேசிய நெடுஞ்சாலைகள் அங்கே சந்திக்கின்றன. காரின் பின்பக்கம் முழுக்கப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வரும் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். சிகாகோ பெரிய ஊர்தான். ஆனால் அங்கே முக்கிய மாநாட்டு மையம் நகர மையத்துக்குத் தெற்கே ஒதுங்கி நிற்கிறது. எழுபதாயிரம் பேர் அங்கே போனால் ஊர் கவனிக்கக்கூடச் செய்யாது. இண்டியானாபொலிஸில் அந்த நான்கு நாளும் நகர மையமே விழாவாகிவிடுகிறது. ஜார்ஜியா தெருவில் உணவு வண்டிகள் வரிசை கட்டுகின்றன. சுற்றுவட்டார உணவகங்கள் விளையாட்டுகளின் பெயரில் பண்டங்கள் போடுகின்றன.

கலிஃபோர்னியாவிலும் ஒரு கிளை தொடங்கிப் பார்த்தார்கள். அனஹைமில் 2003 முதல் 2006 வரை நடந்து நின்றுபோனது.

இனி 2015. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் ஆகப் பெரிய நிகழ்ச்சி இதுதான். அந்த மார்ச்சில் இண்டியானா சட்டமன்றம் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் கடைக்காரர் மத நம்பிக்கையைக் காட்டிச் சேவை மறுக்க இது வழிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அப்போதைய ஆளுநர் மைக் பென்ஸ் கையெழுத்திடுவதற்கு முன்பே, ஜென் கானின் தலைமை அதிகாரி ஏட்ரியன் ஸ்வார்ட்டவுட் அவருக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 56,000 பேர் வருகிறார்கள், நகரத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் வருவாய் கிடைக்கிறது. இந்தச் சட்டம் வந்தால் இனிவரும் ஆண்டுகளில் இங்கே விழா நடத்துவதா என்ற முடிவில் அதுவும் கணக்கில் வரும் என்று சொன்னார். பென்ஸ் கையெழுத்திட்டார். நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் திருத்தம் கொண்டுவந்து, பாகுபாட்டுக்கு அதைக் கேடயமாக்க முடியாது என்று சேர்த்தார்கள்.

கேளிக்கை விழாவுக்கு அரசியல் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. ஜென் கான் செய்தது முற்றிலும் சரி. விருந்தாளியைக் கூப்பிட்டவருக்கு, அவர் அங்கே மரியாதையோடு நடத்தப்படுவார் என்று உறுதிசெய்யும் கடமையும் உண்டு. அறை எண்ணிக்கையைக் கேட்கும் அதே ஒப்பந்த மேசையில், என் விருந்தாளிகளில் எவருக்காவது உங்கள் ஊர் உணவகத்தில் சாப்பாடு மறுக்கப்படுமா என்றும் கேட்டாக வேண்டும். பகடை உருட்ட வருகிறவர்களில் பலர், பள்ளியிலும் தெருவிலும் ஒதுக்கப்பட்டு, இந்த மேசைகளில்தான் முதன்முதலாகத் தங்கள் கூட்டத்தைக் கண்டவர்கள்.

விழா ஊரைவிட்டுப் போகவில்லை. இருந்த ஒப்பந்தத்தை மதித்தார்கள். கொரோனாவால் 2020-ல் மண்டபம் மூடிக் கிடந்தது. இணைய வழியில் நடத்தினார்கள். பிறகு கூட்டம் பழைய அளவையும் தாண்டிவிட்டது. இப்போது ஒப்பந்தம் 2030 வரை நீண்டிருக்கிறது.

ஆனால் எந்த அறைகளுக்காக ஊர் மாறினார்களோ, அந்த அறைகளே இன்று போதவில்லை. நடைபால ஹோட்டல்களில் இடம் பிடிக்க, சீட்டு வாங்கியவர்களுக்குக் கணினி குலுக்கலில் ஒரு நேரம் ஒதுக்குகிறது. நேரம் தாமதமாக விழுந்தவருக்கு மிஞ்சுவது விமான நிலையத்தருகே ஓர் அறை, தினமும் காரோட்டம். நகர நிர்வாகம் தானே கடன் திரட்டி, மாநாட்டு மையத்தை ஒட்டி 800 அறைகள் கொண்ட புதிய ஹோட்டலைக் கட்டும் வேலையில் இறங்கியது. அறை கூடுவது நல்லதுதான். ஆனால் விழா நாட்களில் வாடகை ஏறினால், லேக் ஜெனீவா கூடத்துக்கு அன்று வந்ததுபோல் கையில் அதிகக் காசில்லாத இளைஞர்களால் இங்கே இரவு ஆட்டத்துக்கு உட்காரமுடியாது. அடுத்த ஒப்பந்தம் பேசும்போது, அந்த 800-இல் எத்தனை அறைகள், என்ன வாடகைக்கு, விளையாட வருவோருக்கென்று ஒதுக்கப்படும் என்பதைத்தான் ஜென் கான் முதலில் எழுதி வாங்க வேண்டும்.

(தொடரும்)